காற்று இறங்காத ஜீப்

மனிதகுல வரலாற்றில் மூன்றே மூன்று திருப்புமுனைகள்தான் உண்டு. ஒன்று, சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு, அந்தச் சக்கரத்துக்குள் காற்று அடைக்கப்பட்டது. மூன்று, அந்தக் காற்றை எங்கள் அலுவலகம் ஒழித்துக் கட்டியது. முதல் இரண்டையும் செய்த புண்ணியவான்கள் யார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. மூன்றாவதற்குக் கூட்டக் குறிப்பு இருக்கிறது. எழுதியவன் நான்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் ‘கரையோர அவசர ஊர்திப் பிரிவு’. திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் காலையில் வந்து மாலைவரை அசையாமல் நிற்கும் சாலையை ஒட்டி, பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் இருக்கிறது. எங்களிடம் ஒரே ஒரு வண்டி. பணியாளர்கள் பதினோரு பேர். வண்டிக்கு ஒருவர், அந்த வண்டியின் கோப்புகளுக்குப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் கையெழுத்து அழகாக இருப்பவன் என்பதால் என்னை ‘ஊர்தி மேம்பாட்டுக் குழு’வுக்கு உறுப்பினர் செயலர் ஆக்கினார்கள். கணினி வந்த பிறகும் என் கையெழுத்தை யாராலும் அசைக்க முடியவில்லை.

அந்த வண்டி, இராணுவம் ஓட்டி ஓய்ந்து 1999இல் எங்களுக்குத் தள்ளிவிட்ட ஜீப். பச்சை நிறம், கித்தான் கூரை, மடக்கி வைக்கிற முன் கண்ணாடி, சாவி மக்கர் செய்தால் சுற்றிவிட ஒரு இரும்புக் கைப்பிடி. கியர் குச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் குச்சி இருக்கும். அதைப் போட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஹாரன் மட்டும் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருக்கும். எல்லையில் எந்தக் குரலில் எச்சரிக்கை விட்டார்களோ, தெரியாது.

1999 முதல் 2014 வரை எங்கள் பிரிவின் இருண்ட காலம். வண்டி போனது, வந்தது. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஆனாலும் அந்த இருட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். புயல் மழையில் கழிமுகம் பெருகினால் நெட்டுக்குப்பத்துக்குப் போகும் சாலை தண்ணீருக்குள் போய்விடும். அப்புறம் கடற்கரை மணல்தான் வழி. ஆம்புலன்ஸ் சாலை முனையோடு நின்றுவிடும். எங்கள் ஜீப் மட்டும் மணலில் இறங்கிக் குப்பத்துக்குப் போய், பாம்பு கடித்தவர், வலி எடுத்தவர், காய்ச்சல் குழந்தை என்று அள்ளிக்கொண்டு வரும். ஓட்டுநர் சௌக்கத் அலி, பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். மணல் விளிம்பில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார். ஒரு தீக்குச்சியை ஒடித்து டயர் வால்வில் வைத்து அழுத்துவார். உஸ்ஸென்று காற்று போகும். காதாலேயே அளந்து பாதி போனதும் நிறுத்துவார். நான்கு டயருக்கும் இப்படி. காற்று குறைந்த டயர் அப்பளத்துக்குப் பிசைந்த மாவு மாதிரி அகலமாக உட்காரும், மணலில் புதையாது. குப்பத்துப் பெண்கள் கிழிந்த வலைகளை இரண்டு வரிசையாக விரித்து வைத்திருப்பார்கள். வண்டி அதன்மேல் ஏறிப் போகப் போக, பின்னால் கிடக்கும் வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்து மறுபடி முன்னால் விரிப்பார்கள். அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்று குரல் கொடுப்பவர் மீன் விற்கும் குணசுந்தரி. ஒருமுறை நானும் முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். தேர் வருகிறமாதிரி இருந்தது.

திரும்பிச் சாலை ஏறியதும் சௌக்கத் அலி கால்பம்பால் காற்றடிப்பார். அப்புறம் ஓட்டப் பதிவேட்டில் யோக்கியமாக எழுதுவார்: “நெட்டுக்குப்பம், மணல் விளிம்பு, நான்கு சக்கரமும் காற்று பாதி.” பதினைந்து வருஷமும் இதே வரிதான். அந்த வரி பிற்காலத்தில் ஒரு புரட்சிக்கே வித்திடும் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

2014இல் சிறப்பு அலுவலராகப் பொன்ராஜ் சார் வந்து சேர்ந்தார். வந்த முதல் மழையிலேயே கித்தான் கூரை ஒழுகி அவர் மடியில் இருந்த கோப்பில் இரண்டு சொட்டு விழுந்தது. ஒரு சொட்டு அவருடைய பதவிப் பெயர்மேலேயே விழுந்தது. மேம்பாட்டுக் குழு அன்று மாலையே பிறந்தது.

முதல் மேம்பாடு, இரும்புக் கூரை. கித்தானைக் கழித்தோம். சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்கடியில் உட்கார்ந்தால் மனிதன் அவிந்துபோவான் என்று கண்டுபிடிக்கப்பட்டதால், இரண்டாம் மேம்பாடாகக் குளிர்சாதனம் வந்தது. குளிர்சாதனத்தை இழுக்க முடியாமல் பழைய எஞ்சின் மூச்சு வாங்கியதால், மூன்றாம் மேம்பாடாகப் பெரிய டீசல் எஞ்சின் வந்தது. பெரிய எஞ்சின் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டதால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினோம். தள்ளியதில் அந்தக் குட்டிக் குச்சி பொன்ராஜ் சாரின் முழங்காலில் இடித்தது. எனவே குச்சியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு வளையம் பொருத்தினோம். குச்சி போனதும் முன்சக்கரம் இரண்டும் சும்மா உருளத் தொடங்கின. இந்த மாற்றம் ‘பணியாளர் நலன்’ என்ற தலைப்பில் பதிவாகியிருக்கிறது.

நான்காம் மேம்பாட்டுக்குக் காரணம் ஒரு மத்தி மீன். நெட்டுக்குப்பத்தில் குறைகேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது அது வானத்திலிருந்து வந்து பொன்ராஜ் சாரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. காக்காய் தூக்கிக்கொண்டு போனது நழுவிவிட்டது என்று குப்பத்தார் சாதித்தார்கள். அந்தக் காக்காய்க்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பொன்ராஜ் சார் கேட்டார். இது ஆதியில் இராணுவ வண்டி, ஆகவே கவசம் இதன் பிறப்புரிமை என்று தீர்மானம் போட்டு, நாலாபுறமும் இரும்புத் தகடு அடித்தோம். இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் திறக்கிற தடித்த கண்ணாடியும் வைத்தோம். சும்மா சொல்லக்கூடாது, அதற்கப்புறம் இன்றுவரை ஒரு மத்திகூட உள்ளே வந்ததில்லை.

ஒவ்வொரு மேம்பாட்டிலும் கழித்த சாமான்களை ஏலம் விட்டோம். ஏலத்துக்கு எப்போதும் ஒரே ஒருவர்தான் வருவார். முபாஷிர் என்று பெயர், வண்ணாரப்பேட்டையில் காயலான் கடை வைத்திருப்பவர், சௌக்கத் அலியின் மனைவி ஜஹானாராவின் தம்பி. கித்தான், எஞ்சின், குட்டிக் குச்சி, மடக்குக் கண்ணாடி, ஆட்டுக்குட்டி ஹாரன் என்று எல்லாவற்றையும் அவர்தான் ஏற்றிக்கொண்டு போனார்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. நாங்கள் கட்டெறும்பைக் கழுதையாக்கிக் காட்டினோம்.

நான்காம் மேம்பாடு முடிந்த நான்காம் வருஷம், மார்கழிப் புயல் ஒன்றில், பகல் பதினொரு மணிக்குக் குப்பத்திலிருந்து அழைப்பு வந்தது. குணசுந்தரியின் கணவர் திருமலைக்கு நெஞ்சு வலி. சாலை தண்ணீரில். ஆம்புலன்ஸ் முனையில் நிற்கிறது. சௌக்கத் அலி வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். மணல் விளிம்பில் இறங்கிக் காற்றைக் குறைத்தார். பெண்கள் வலை விரித்துத் தயாராக நின்றார்கள். வண்டி நாற்பது அடி போனது. இரண்டு சக்கரம் தள்ள, இரண்டு சக்கரம் வேடிக்கை பார்க்க, மூன்று மடங்கு கனத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. கடைசியில் ஆட்களே ஒரு வலையில் தூளி கட்டித் திருமலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆம்புலன்ஸ் தண்டையார்பேட்டை தாண்டும்போது அவர் இல்லை.

இதற்கான அறிக்கையில் பொன்ராஜ் சார் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னார், நான் சேர்த்தேன். “வாகனம் வந்து சேரும்வரை நோயாளி காத்திருக்கவில்லை.”

குழு கூடுகிற அன்று சௌக்கத் அலி என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். ஓட்டுநர்களைக் கூட்டத்துக்குள் விடும் வழக்கம் இல்லை. வண்டியைப் பற்றிப் பேசும் இடத்தில் வண்டி ஓட்டுகிறவன் இருந்தால் பேச்சு தடைப்படும்.

“சார், நான் சொன்னா கேக்க மாட்டாங்கோ. நீ சொல்லு” என்றார். “அந்தக் குட்டிக் குச்சிய திருப்பிப் போட சொல்லு. தகட்ட கயட்ட சொல்லு. காத்து நானா எறக்குறது, அது கோளாறு இல்ல. நீதான் ஒரு வாட்டி கண்ணால பாத்துகீறியே.”

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். டீக்கு அவர்தான் கொடுத்தார்.

உள்ளே பொன்ராஜ் சார் பதிவேட்டைப் புரட்டினார்.

“சம்பவத்தின்போது டயரில் காற்று எவ்வளவு?”

“பாதி, சார்” என்றேன்.

“மற்ற நாட்களில்?”

“நெட்டுக்குப்பம் போன எல்லா நாளும் பாதிதான், சார்.”

“எல்லா நாளும், நான்கு டயரும், அதே இடத்தில்?”

“ஆமாம், சார்.”

“காரணம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய்க்குள் தீக்குச்சி இருந்தது, குட்டிக் குச்சி இருந்தது, தகடு இருந்தது. அவர் மேஜையில் என் பதவி உயர்வுக் கோப்பு இருந்தது. சொன்னால் காற்றை இறக்கியவன் சௌக்கத் அலிதான் என்று அவர் தலையில் விழும், அதனால் மனிதரைக் காப்பாற்றுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் அது எவ்வளவு நல்ல காரணமாக இருந்தது தெரியுமா? “காரணம் தெரியவில்லை, சார்” என்றேன். அதையே குறிப்பிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் கண்காணிப்பாளர் ஆனேன்.

காரணம் தெரியாத இடத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது. நெட்டுக்குப்பத்து மணலுக்கே காற்றை உறிஞ்சும் தன்மை இருக்கலாம் என்று குழுவில் ஒருவர் கருதினார். நானே போய் ஓர் ஊறுகாய் பாட்டிலில் மணல் அள்ளி வந்து பரிசோதனைக்கு அனுப்பினேன். மணலில் மணலும் உப்பும் சாம்பலும் இருப்பதாக முடிவு வந்தது. சாம்பல் பக்கத்து அனல்மின் நிலையத்துடையது, எங்கள் வரம்புக்குள் வராது என்று விட்டுவிட்டோம். மணல் ஒத்துழைக்காத நிலையில், குற்றவாளி காற்றுதான் என்று உறுதியானது.

ஐந்தாம் மேம்பாடு இப்படித்தான் வந்தது: முழுக்க முழுக்கக் கெட்டி ரப்பர் டயர். காற்றும் இல்லை, டியூபும் இல்லை, வால்வும் இல்லை. இதன் கனம் தாங்காமல் அடிச்சட்டம் நெளிந்ததால் அதையும் கழித்துப் புதுச் சட்டம் போட்டோம். ஆறாம் மேம்பாடு, ‘ஸ்மார்ட்’ பலகை. வழி சொல்ல ஒரு பெண் குரல், வண்டி சாய்ந்தால் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும் வசதி. ஆக, இராணுவம் கொடுத்ததில் எங்களிடம் மிஞ்சியது நம்பர் பிளேட்டு மட்டும்தான். பூசணிக்காய் உடைத்தோம். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பழம் நசுங்கியது, டயர் நசுங்கவில்லை. எல்லோரும் கைதட்டினோம்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் சௌக்கத் அலி என் மேஜைக்கு வந்து, கழித்துப்போட்ட சாமான் பின்னால் எப்போதாவது கவர்மெண்டுக்குத் திரும்பச் சேருமா என்று கேட்டார். கழித்தது கழித்ததுதான் பாய், அதற்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு அப்போது நல்ல பழக்கம் வந்திருந்தது.

போன கார்த்திகையில் புயல் வந்தது. காலை எட்டரைக்கு அழைப்பு. அழைத்தது குணசுந்தரி. அவர் மகள் ஜோதிகாவுக்குப் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும், சாலை மூழ்கிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் கணவரை ஏமாற்றிய அதே தண்ணீர், அதே மணல்.

பொன்ராஜ் சார் இதை எதிர்பார்த்துக் காத்திருந்தார். ஆறு மேம்பாடுகளும் ஒருசேர அரங்கேறும் நாள் அல்லவா! படம் எடுக்க என் செல்போனைக் கொண்டு வரச் சொன்னார். நானும் ஏறினேன்.

மணல் விளிம்பில் பெண்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். வலைகள் விரித்தபடி இருந்தன. சௌக்கத் அலி பழக்கதோஷத்தில் இறங்கித் தீக்குச்சியை ஒடித்துக்கொண்டு டயர்முன் உட்கார்ந்தார். டயரைச் சுற்றித் தடவினார். அடுத்த டயருக்குப் போனார். அப்புறம் தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

“போவாது சார்” என்றார். “பத்தடி தாண்டாது. எறங்கிடுங்கோ.”

பொன்ராஜ் சார் ஓட்டுநர் சீட்டுக்கு நகர்ந்தார். படம் எடுக்கும்படி எனக்குச் சைகை காட்டிவிட்டு, வண்டியை மணலுக்குள் விட்டார்.

சௌக்கத் அலி சொன்னது தவறு. பன்னிரண்டு அடி போனது. அப்புறம் வலையோடு சேர்ந்து மணலுக்குள் இறங்கியது. ஒரு பக்கம் சாய்ந்ததும் நான்கு கதவும் டக் டக்கென்று பூட்டிக்கொண்டன. வண்டி நிமிர்ந்தால்தான் திறக்கும், அதுதான் பாதுகாப்பு. பெண் குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது: “நீங்கள் கடலில் இருக்கிறீர்கள். அருகில் உள்ள சாலைக்குத் திரும்பவும்.” தண்ணீர் படியைத் தொட்டது. குளிர்சாதனம் அபாரமாக வேலை செய்தது. வெளியே குணசுந்தரி தலையில் அடித்துக்கொள்வது கவசக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த ஆட்டுக்குட்டி கத்தியது.

திரும்பிப் பார்த்தேன். சாலை முனையிலிருந்து பச்சை ஜீப் ஒன்று வந்துகொண்டிருந்தது. கித்தான் கூரை, அதில் ஒட்டுப்போட்ட இடம்கூட எனக்கு அடையாளம் தெரிந்தது. ஓட்டி வந்தவர் முபாஷிர். திருமலை செத்த மறுவாரமே சௌக்கத் அலி மச்சான் கடைக்குப் போய், நாங்கள் கழித்த ஒவ்வொன்றையும் தேடி எடுத்திருக்கிறார். அடிச்சட்டமும் டயரும் போய்ச் சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பூட்டியிருக்கிறார். அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டு, மச்சானை முனைக்கு வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிறகு விசாரணையில் வந்த விவரம். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் ஜீப் வெளியே நின்றது, நாங்கள் வேறு எதற்குள்ளோ உட்கார்ந்திருந்தோம்.

சௌக்கத் அலி ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதற்குமுன் நான்கு டயரிலும் தீக்குச்சி. பெண்கள் மிச்ச வலைகளை எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு விரித்தார்கள். ஜீப் எங்கள் பக்கத்தில் வந்தபோது பொன்ராஜ் சார் அந்த இரண்டு விரல் சந்தில் வாயை வைத்து, கயிறு கட்டி முதலில் அரசு வாகனத்தை மீட்கும்படி உத்தரவிட்டார்.

சௌக்கத் அலி நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார். “சார், உள்ள ஏசி கீது, தண்ணி பாட்டில் கீது, வயி சொல்ல ஒரு பொண்ணு கீது” என்றார். “அங்க அந்தப் பொண்ணுக்கு இன்னா கீது சொல்லு. குந்திகினு இரு, வரேன்.”

போய்விட்டார். கால்மணி நேரத்தில் ஜோதிகாவைப் பின்னால் படுக்கவைத்து, தலைமாட்டில் குணசுந்தரியோடு திரும்பி வந்து எங்களைக் கடந்தார். பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். பதினொன்றரைக்கு ஜீப் மறுபடியும் வந்து, அந்தக் குட்டிக் குச்சியைப் போட்டு, எங்களைப் பின்பக்கமாக இழுத்துச் சாலையில் நிமிர்த்தியது. கதவு திறந்தது. “பயணம் இனிதே நிறைவுற்றது” என்றது பெண் குரல்.

இறங்கிய பொன்ராஜ் சார் நன்றி சொல்லவில்லை என்று சிலர் பேசுகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அவர் கடமையைச் செய்தார். ஜீப்புக்கு நம்பர் பிளேட்டு இல்லாததை முதலில் கவனித்தவர் அவர்தான். என்னைக் குனிந்து அடிச்சட்டத்தின் எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அது 1999இல் எங்கள் பதிவேட்டில் ஏறிய அதே எண். அரசு வாகனம் ஒன்று இத்தனை காலம் தனியார் வசம் சட்டவிரோதமாக ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று அங்கேயே முடிவாகி, ஜீப் பறிமுதல் செய்யப்பட்டது. கழித்தது கழித்ததுதான் என்று நான் சொன்னதைச் சௌக்கத் அலி நினைவுபடுத்தினார். அப்படி ஒரு கடிதம் என் கையெழுத்தில் இருக்கிறதா என்று பொன்ராஜ் சார் கேட்டார். இல்லை.

சௌக்கத் அலியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தோம். குற்றச்சாட்டு: சிக்கிய அரசு வாகனத்தைக் கைவிட்டு, சிக்காத அரசு வாகனத்தில் சென்றது.

போன வாரம் குணசுந்தரி அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன், போடவில்லை. பேத்திக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். வாசலில் நிற்கும் பச்சை ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தை பொறக்கறதுக்குள்ள இன்னொரு புயல் வரும்னு டிவில சொல்றான்” என்றார். “அத்தக் குடுத்துடுங்கோ. இல்லாங்காட்டி பாயயாச்சும் உள்ள வுடுங்கோ, அவரு ஓட்டட்டும்.”

என் கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் குழுவின் முடிவு என்றேன்.

“கிளார்க்கு சார், அன்னிக்கு எங்க வலை மேல வண்டி வந்தப்போ நீ முன்னாடி குந்திகினு வந்தே. பாய் குச்சி வெச்சி காத்து எறக்குனத்த பாத்தே. நான் உன்ன பாத்தேன்.” குரல் உயரவே இல்லை. “எங்க வூட்டுக்காரு போனப்போ காரணம் தெர்லன்னு எய்தி வெச்சிகீறே. எனுக்கு காயிதம் வந்துச்சி. இந்த வாட்டியாச்சும் சொல்லுவியா?”

எனக்கு முகம் எரிந்தது. வெட்கம்தான், வேறென்ன. சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

நேற்று குழு கூடியது. பொருள்: மீட்கப்பட்ட புராதன ஜீப்பைப் பாதுகாப்பாக மேம்படுத்துவது. கித்தான் ஒழுகுகிறது, இரும்புக் கூரை போடலாம் என்று ஒருவர் தொடங்கினார். கூரை போட்டால் வெக்கை, எனவே குளிர்சாதனம் என்றார் அடுத்தவர். எனக்கு அடுத்தடுத்து எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தது. பொன்ராஜ் சார் பறிமுதல் படிவத்தைப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“பறிமுதல் செய்தபோது நான்கு டயரிலும் காற்று பாதிதான் இருந்திருக்கிறது. காரணம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகப் பச்சை ஜீப் தெரிந்தது. சாலையின் அந்தப் பக்கம் டீக்கடையில் சௌக்கத் அலி நிற்பதும் தெரிந்தது. பணி நிறைவுக்கு எனக்கு இன்னும் நான்கு மாதம். அதற்கான கோப்பு பொன்ராஜ் சார் மேஜையில் இருந்தது.

பேனாவைத் திறந்து, “காரணம் தெரியவில்லை” என்று எழுதினேன். திருமலைக்கு இதே இரண்டு சொற்களை எழுதியபோது எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டது. நேற்று அதுவும் தேவைப்படவில்லை. இதுவும் மேம்பாடுதானே.